உள்ளே விட்ட துணி

பிப்ரவரி 4

அன்புள்ள பட்டனுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். இரண்டு மெஷினில் ஒன்றுக்குத்தான் உடம்பு சரியில்லை, பெல்ட் மாற்ற வேண்டும். நீ நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

புதுக் கோட்டுக்கு நீ அனுப்பிய அளவுச் சீட்டு வந்தது. கையெழுத்து வழக்கம்போல அச்சடித்த மாதிரி இருக்கிறது. எட்டு வயதில் கடைத் தரையில் உட்கார்ந்து பட்டன்களை அளவுவாரியாகப் பிரித்து வைப்பாய். ஒன்றின் ஓரம் தேய்ந்திருந்தால்கூட டப்பாவையே கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாய். அப்படிப்பட்டவளின் சீட்டில் தப்பு இருக்கிறது என்று சொல்ல எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். இது யாருடைய அளவு?

அளவு நோட்டில் போன வருடத்து உன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். தோளைத் தவிர எதுவும் ஒத்துப்போகவில்லை. காஜா போடுகிற அக்காவிடம் சீட்டைக் காட்டினேன். "எந்த ஸ்கூல் பாப்பாவுக்குப்பா இது?" என்று கேட்டார்.

போன கோட் இறுக்குகிறது என்று நீ எழுதியபோது, "புது ஊர்ச் சாப்பாட்டில் உருண்டுவிட்டாய் போலிருக்கிறது" என்று நான் கிண்டல் செய்திருந்தேன். அதற்குத்தான் இப்படிப் பழிவாங்குகிறாயா? விளையாடாமல் இன்னொரு முறை அளந்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? பெல்ட் மாற்றியாயிற்றா?

அளவு சரிதான். மூன்று முறை அளந்து சராசரி எடுத்து எழுதியிருக்கிறேன். தயவுசெய்து நீயாக எதையும் கூட்டிப் போடாதே. தளர்வாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் லேப் கேண்டீனில் நன்றாகச் சமைக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே எல்லோரும் விசிறியைச் சுற்றவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் குளிர்கிறது. அதற்குத்தான் கோட்.

வேலை நிறைய. ஒரு தொழிற்சாலையிலிருந்து நாற்பது தெர்மாமீட்டர்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் எங்களிடமுள்ள மூலக் கருவியோடு ஒப்பிட்டு, எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று சான்றிதழ் எழுத வேண்டும். "பிழையே இல்லாத கருவி கிடையாது, தன் பிழை எவ்வளவுன்னு தெரிஞ்ச கருவிதான் நல்ல கருவி" என்பார் எங்கள் மேலாளர். எனக்கென்னவோ அது சோம்பேறிகள் சொல்லிக்கொள்கிற சமாதானமாகத்தான் படுகிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

பட்டன்


மார்ச் 12

அன்புள்ள பட்டனுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

கோட் இத்துடன் வருகிறது. நீ சொன்ன அளவுக்கே தைத்திருக்கிறேன். முடித்ததும் வழக்கம்போலப் பொம்மைக்கு மாட்டிப் பார்க்கப் போனேன். பெரிய பொம்மைக்குத் தோளோடு நின்றுவிட்டது. சின்ன பொம்மைக்கு முன்பக்கம் சேரவில்லை. கடைசியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்க வைத்திருக்கிற பொம்மை இருக்கிறதே, அதற்குத்தான் கச்சிதமாக உட்கார்ந்தது. சாயங்காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அண்ணி வந்து கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். "லீவு போட்டு ஒரு வாரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்தேன். தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருக்கிறேன். வெளியே தெரியாது. எப்போது வேண்டுமானாலும் பிரித்து, பெரிதாக்கித் தைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடு. வேறென்ன எழுத?

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

கோட் வந்தது. நன்றி. உள்ளே விட்ட துணி உறுத்தியது. கோட்டைத் தடிமனாகவும் காட்டியது. வெட்டிவிட்டேன்.

லீவு கிடைக்காது. வேலை இருக்கிறது.

பட்டன்


ஜூன் 15

பட்டனுக்கு,

உன் வார்டிலிருந்து திரும்பி வந்து ஒன்பது நாளாகிறது. இது நான் எழுதுகிற ஆறாவது கடிதம். முன்னால் எழுதிய ஐந்தையும் உன் அண்ணி வாங்கிக் கிழித்துப் போட்டாள், ஐந்திலும் நீ சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தேனாம்.

உங்கள் மேலாளர் போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. மயங்கி விழும்போதுகூடக் கையிலிருந்த கருவி உடையாமல் மார்போடு அணைத்துக்கொண்டுதான் விழுந்தாயாம். அதற்கு ஒரு கீறல் இல்லை, உன் நெற்றியில் நாலு தையல். தையல்காரன் தங்கச்சிக்கு இது தேவையா, சொல்.

ஆஸ்பத்திரியில் உன் தட்டுக்கு முன்னால் நான் கத்தியது தப்பு. "ஒரு வாய் சாப்பிட்டா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்டேன். இது பிடிவாதமில்லை, நோய் என்று உங்கள் டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொன்னார். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் கடிதம் எழுதச் சொன்னார். அதற்கும் நிபந்தனை. நலமா, சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாய், தேறிவிட்டாய் என்ற நாலு வார்த்தையும் கூடாதாம். இந்த நாலையும் எடுத்துவிட்டால் கடிதத்தில் என்ன மிச்சம்? மேலே தேதி, கீழே கையெழுத்து. அவ்வளவுதானே?

சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெல்ட் மாற்றிய மெஷின் இப்போது சத்தமே போடுவதில்லை, ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. காஜா அக்கா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார். உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறோம்.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்தது யார் என்று நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார்.

நான் உனக்கு எழுதிய கடிதங்களில் உண்மை குறைவு. கேண்டீனுக்குள் நான் காலெடுத்து வைத்து எட்டு மாதமாகியிருந்தது. இப்போது உண்மையை எழுதிப் பழகுகிறேன்.

இங்கே நாங்கள் ஆறு பேர். ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். நர்ஸ் அக்காவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார், தன் நாத்தனாரைப் பற்றி ஓயாமல் பேசுவார். நான் முதல் வாரமே ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்த வேளை எத்தனை நிமிடத்தில் முடித்தேன் என்று எழுதிக்கொண்டு வந்தேன். இந்த வார்டிலேயே நல்ல நோயாளியாக இருந்து காட்ட வேண்டும் என்று வெறி. டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இங்க யாரும் மார்க் போடறதில்லம்மா" என்று மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. மார்க் இல்லையென்றால் நான் எதற்கு நல்லவளாக இருக்க வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். எனக்கு நாள்கூடத் தெரியும். போன வருடம் லேபில் எனக்குப் பரிசு கொடுத்த நாள். அதற்காகத்தான் நீ அந்தச் சாம்பல் நிறக் கோட்டைத் தைத்து அனுப்பினாய். மேடைக்குப் போகிற வழியில் நடு பட்டன் போட வரவில்லை. ஒரு கையால் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பரிசை வாங்கினேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்று இன்றுவரை தெரியாது. ஊருக்கு எழுதினேன், நீ உருண்டுவிட்டாய் என்று பதில் எழுதினாய். வேடிக்கைக்குத்தான் என்று தெரியும். இருந்தாலும் நூறு முறை படித்தேன்.

முதலில் எல்லாம் என் கைக்குள் இருப்பதுபோலச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தவர்கள்கூடப் பாராட்டினார்கள். நிறுத்த நினைத்தபோது நிறுத்த முடியவில்லை.

பட்டன்


ஜூலை 14

பட்டனுக்கு,

இதை உன் அண்ணியிடம்கூடக் காட்டவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கோட் சின்னதாகப் போனது என்னால். உன் உடம்பால் இல்லை.

கோட் துணியை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்து, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட வேண்டும். சுருங்குகிற அளவுக்குச் சுருங்கிய பிறகுதான் கத்திரியைத் தொட வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அது. உன் விழா நெருங்கிவிட்டதே என்ற அவசரத்தில், நல்ல துணிதானே என்று நனைக்காமல் வெட்டிவிட்டேன். நீ எந்தப் புது உடுப்பையும் துவைக்காமல் போடமாட்டாய். அது எனக்குத் தெரியாதா? துவைத்திருப்பாய், சுருங்கியிருக்கும்.

நீ இறுக்குகிறது என்று எழுதியபோது உண்மையிலேயே எனக்கு அது தோன்றவில்லை. தையல்காரன் புத்தி அது. உடுப்பு இறுக்கிப் பிடிக்கிறது என்று யார் வந்தாலும் அவர்கள் உடம்பின் மேல்தான் பழியைப் போடுவோம். அதே துணியில் கோட் தைத்துக்கொண்ட ஒரு வாத்தியார் வந்தார். "சார், கொஞ்சம் பூசினாப்புல ஆயிட்டீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தபோதுதான் உறைத்தது. மிச்சத் துணியை நனைத்துப் பார்த்தேன். காய்ந்ததும் நல்ல ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என் கையால் தப்பு நடக்காது என்று சின்ன வயதிலிருந்து நீ நம்பிக்கொண்டிருந்தாய், அந்த நம்பிக்கையை இழக்க மனசு வரவில்லை. ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். ஒரு வரி எழுதியிருந்தால் நீ இப்படிப் படுத்திருப்பாயா என்று தினமும் நினைக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 12

பட்டனுக்கு,

பதில் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது. கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது, திட்டியாவது எழுது.

அந்த வாத்தியார் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த டம்ளரை டொக்கென்று கீழே வைத்தார். "அடப்பாவி, உன் பேச்சைக் கேட்டு ஒரு வருஷமா சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறேனேய்யா!" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி சர்க்கரை டப்பாவோடு வந்தார். கோட்டை வாங்கி வந்து ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். மற்ற இரண்டு பேரையும் இந்த வாரம் பார்க்க வேண்டும்.

உன்னிடம்தான் எந்தத் துணியை வைத்து ஒட்டுவது என்று தெரியவில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் ஜூலை மாதக் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். கோபம் என்றால் அப்படியொரு கோபம். இரண்டு நாள் மறுபடியும் தட்டைத் தள்ளிவிட்டேன். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். "இதோ காரணம் கிடைச்சிடுச்சு, எல்லாம் எங்க அண்ணனால" என்றேன். அவர் நிதானமாகப் படித்தார். ஒரு ஆளாலோ ஒரு கோட்டாலோ மட்டும் இந்த நோய் வருவதில்லை, பல விஷயங்கள் சேர்ந்துதான் வருகிறது என்றார். எனக்குச் சமாதானமாகவில்லை. பிறகு உன் அடுத்த கடிதம் வந்தது. அதையும் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதே துணி, அதே தப்பு. வாத்தியார் டீயில சர்க்கரையை மட்டும்தான் விட்டார். நீங்க ஏம்மா எல்லாத்தையும் விட்டீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஒரு வாரம் சுமந்துகொண்டு திரிந்தேன் அண்ணா. ஒரு பட்டன் தேய்ந்திருந்தால் டப்பாவையே கவிழ்க்கிற பெண் நான். கோட் சரியாக இருந்திருந்தாலும் வேறொன்று தேய்ந்திருக்கும். அதனால் உன் தப்பு உன் தப்புதான், என் நோய் என் நோய். இரண்டையும் ஒரே பையில் போட வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று இப்போதே எழுதினால் பொய்யாகிவிடும். பாதி மன்னித்திருக்கிறேன்.

இன்னொன்று நடந்தது. ஒரு நாள் டாக்டரம்மா ஒரு கயிற்றைக் கொடுத்து, என் இடுப்பு எவ்வளவு இருக்கும் என்று தரையில் வட்டமாக வைத்துக் காட்டச் சொன்னார். கவனமாகத்தான் வைத்தேன், அளவு பார்ப்பதுதானே என் தொழில். பிறகு அதே கயிற்றை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். ஒரு சாணுக்கு மேல் தொங்கியது. நம்பாமல் மறுபடி வைத்தேன். மறுபடியும் தொங்கியது. அவ்வளவு தவறாகக் காட்டுகிற கருவியை நான் ஒரு நாளும் லேபை விட்டு வெளியே அனுப்பியதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை நம்பித்தான் ஒன்றரை வருடமாக ஓட்டியிருக்கிறேன்.

மேலாளர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. உட்கார்ந்து ஒரு சான்றிதழ் எழுதினேன்.

"கருவி: கண். பயன்: கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது. பிழை: ஒரு சாணுக்கு மேல், கூடுதலாகவே காட்டும். பழுது: உடனே சரியாகாது. குறிப்பு: இதை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது."

நர்ஸ் அக்கா அதைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொன்று எழுதித்தரச் சொல்கிறார்கள்.

பட்டன்


செப்டம்பர் 20

அன்புள்ள பட்டனுக்கு,

பாதி போதும். மீதியை நான் கேட்கமாட்டேன், நீயாகத் தரும்போது தா.

உன் சான்றிதழைப் பார்த்து நானும் கடையில் ஒரு பலகை மாட்டினேன். "எங்கள் தையலிலும் தவறு வரும். உடுப்பு இறுக்கினால் அது உங்கள் உடம்பின் குற்றமல்ல. கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறோம்." உன் அண்ணி நின்று படித்துவிட்டு, "இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே மாட்டியிருக்கலாமே" என்றாள். மாட்டிய மறுநாளே ஏழெட்டுப் பேர் பழைய உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதில் பாதி நான் தைத்ததே இல்லை! காஜா அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார்.

உனக்கு ஒரு கோட் தைக்க ஆசை. அளவு அனுப்பு என்று கேட்கமாட்டேன். எப்போது, எப்படி என்று நீ சொல்.

அண்ணன்


நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வார்டிலிருந்து அறைக்குத் திரும்பிவிட்டேன். லேபில் மதியம் வரைதான் வேலை. வாரம் ஒரு நாள் டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. சில நாள் ஒரு தட்டுக்கு முன்னால் உட்காருவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. சில நாள் முழுதாக முடிகிறது, சில நாள் பாதி. பாதியான நாளில் டப்பாவைக் கவிழ்க்காமல் இருக்கப் பழகுகிறேன்.

மேலாளர் தினமும் என்னோடு கேண்டீனுக்கு வருகிறார். கேண்டீன் சாப்பாடு நன்றாக இல்லை அண்ணா. இந்த முறை நானே சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

இத்துடன் மூன்று நூல்கள் வைத்திருக்கிறேன். மார்பு, இடுப்பு, கை என்று சீட்டுக் கட்டியிருக்கிறது. வார்டிலிருந்து கிளம்பிய அன்று நர்ஸ் அக்கா என்னைச் சுற்றிப் பிடித்து வெட்டியவை. நான் அப்போது சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. நூலை வைத்தே வெட்டு.

உள்ளே துணி விட்டுத் தை. இரண்டு விரல் போதாது என்று தோன்றினால் மூன்று விடு. வெட்டமாட்டேன்.

அப்புறம், டாக்டரம்மாவிடம் பேசி உனக்கு ஒரு சலுகை வாங்கியிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று நீ கேட்கலாம். கடிதத்துக்கு ஒரு தடவை மட்டும்.

மீதிப் பாதியும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பட்டன்


நவம்பர் 14

அன்புள்ள பட்டனுக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். மெஷின்கள் இரண்டும் நலம்.

நூல்கள் வந்தன. டேப்பை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டேன், கைப் பழக்கத்தில் அளந்துவிடக் கூடாதே என்று. நூலைத் துணிமேல் வைத்து, பக்கத்தில் மூன்று விரலையும் வைத்து, சாக்குக்கட்டியால் கோடு போட வேண்டியதுதான் பாக்கி.

உடனே வெட்டவில்லை. துணியை ஒரு முறைக்கு மூன்று முறையாக நனைத்தேன். "துணி கரைஞ்சு போயிடப்போகுது" என்று காஜா அக்கா சத்தம் போட்டார். இப்போது பின்பக்கக் கொடியில் நிழலில் தொங்குகிறது. நீலம், நல்ல அழுத்தமான நீலம். கோட் வருவதற்குப் பத்து நாள் கூடுதலாக ஆகும். நன்றாகக் காயட்டும், அவசரமில்லை.

ஒரு கடிதத்துக்கு ஒரு தடவை கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். முதல் வரியிலேயே வாய் வரைக்கும் வந்தது. செலவழிக்காமல் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தேன்.

சாப்பிட்டியாம்மா?

அண்ணன்